விளக்கு பார்க்கப் போனவள்

"கண்ணு தெரியாத மனுஷியைத் தனியா விட்டுட்டு ஊர் சுத்தப் போயிருக்காளே, அவ எல்லாம் ஒரு மருமகளா?"

அக்கா கதவைத் திறந்ததும் திறக்காததுமாக, அவள் தம்பி, ரிட்டயர்டு பஸ் டிரைவர், ஆரம்பித்துவிட்டார்.

"உள்ள வாடா தம்பி. செருப்பை ஓரமாப் போடு, எனக்குக் கால்ல தட்டும்" என்றாள் அக்கா. சர்க்கரை வியாதியில் பார்வை போனவள்.

அவருக்கு அந்த மருமகள் மேல் ஒரு பழைய கோபம் உண்டு. இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று எல்லோருக்கும் நாற்காலி போட்டவள், இவருக்கு மட்டும் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டாள். அந்த ஸ்டூலை இன்றுவரை மனசில் தூக்கிக்கொண்டு அலைகிறார்.

"யாருடா சொன்னா உனக்கு?"

"என் வீட்டுக்காரிதான். 'போய் நாலு கேள்வி கேட்டுட்டு வாங்க, நான் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவைத் துணைக்கு வச்சுக்கறேன்'னு அவளே துரத்தி விட்டா. கால் வராம சக்கர நாற்காலியில கிடக்கிறவ, இன்னொருத்தி கஷ்டத்துக்கு எப்படித் துடிக்கிறா பாரு!"

"ஆமாமா. ரொம்பத்தான் துடிப்பா."

"நானும்தான் வீட்ல ஒரு ஆளைப் பார்த்துக்கறேன். ஒரு நாள் லீவு எடுத்திருப்பேனா? போன வாரம் கடைத்தெருவுல புது வருஷத்துக்குப் போடற விளக்கு அலங்காரம் பார்க்கணும்னா. கூட்டத்துல எவனாவது இடிச்சுட்டா? முடியாதுன்னுட்டேன். வாசப்படி தாண்ட விடலையே!"

"அது ஊருக்கே தெரியும்."

அக்கா சுவரைத் தொட்டுக்கொண்டே சமையலறைக்குப் போனாள். அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது.

"ஐயோ, அடுப்புகிட்ட போகாதே! சுட்டுக்கப்போறே!"

"சும்மா இருடா. அவ இருந்தா இந்த டீயை நான் போட முடியுமா? 'அத்தை, உட்காருங்க. அத்தை, தொடாதீங்க.' தங்கமான பொண்ணுதான். ஆனா அவ பாசத்துல என் கை ரெண்டும் துருப்பிடிச்சுப் போச்சு. வருஷக் கடைசி, ஊரே லீவுல இருக்கு, நீயும் போயிட்டு வாடின்னு நான்தான் பிடிச்சுத் தள்ளினேன். இன்னிக்கு அவளுக்கும் லீவு, எனக்கும் லீவு."

டீ வந்தது. குறை சொல்லலாம் என்று ஒரு வாய் குடித்தார். அவர் போடுகிற டீயை விட நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

"எங்க போயிருக்கா?"

"கடைத்தெருவுக்கு. விளக்கு பார்க்க."

"அதானே! எல்லாருக்கும் விளக்கு கேக்குது. தனியாவா போனா?"

"துணைக்கு ஒரு ஆள் இருக்கு."

டம்ளரைக் கீழே வைத்தார். "எந்த ஆள்?"

"தினம் மத்தியானம் போன்ல பேசுவாளே, அந்த ஆள்தான். அறைக்குள்ள போய்க் குசுகுசுன்னு பேசி, ஒரே சிரிப்பு."

"புருஷன் வெளியூர்ல வேலை பார்க்கறான், இவ இங்க... அக்கா, உனக்குக் கண்ணுதான் தெரியலை, காதுமா கேக்கலை?"

"பொம்பளைதாண்டா!"

அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகப் போய்விட்டது.

"அந்தம்மாவும் பாவம்டா. அவங்க வீட்ல ஒரு வார்டன் இருக்காராம். ஒரு தும்மல் போட்டா மாத்திரையோட ஓடி வருவாராம். ஜன்னலைத் திறந்தா சாத்திடுவாராம். அந்தம்மாவுக்குக் கை நல்லாத்தான் இருக்கு, இருந்தாலும் சாப்பாட்டை அவரே ஊட்டி விட்டாத்தான் ஆச்சாம்."

"இப்படியும் ஒருத்தனா! பார்த்துக்கறேன்னு சொல்லி மனுஷங்களை அடைச்சா வைப்பான்? அவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

"கிடைச்சா?"

"நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேப்பேன்!"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. இருமல் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

"சரி, அது எவனோ, நமக்கு எதுக்கு? உன் பையன் நம்பரைச் சொல்லு. அவன் பொண்டாட்டி லட்சணத்தை இப்பவே அவன் காதுல போடறேன். இனிமே அவ வாசல் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது."

"போட்டா வீட்ல சண்டை வருமேடா."

"வரட்டும்! அப்பத்தான் புத்தி வரும்." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். நின்று நின்று கால் வலித்ததால், கைக்கு எட்டியதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதே பிளாஸ்டிக் ஸ்டூல்.

"சொல்லுக்கா. நம்பர்."

அவள் சொல்வதற்குள் அவளுடைய போன் அலறியது. பார்வை போனதிலிருந்து அவள் எதையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். தடவிப் பார்த்து அமுக்கினாள்.

கடைத்தெரு இரைச்சல் வீட்டுக்குள் கொட்டியது. அதற்கும் மேலே ஒரு சிரிப்பு. எப்போதோ கேட்டு, அவர் மறந்தே போயிருந்த சிரிப்பு.

"அண்ணி, எங்க வார்டனை இன்னும் ஒரு மணி நேரம் அங்கேயே பிடிச்சு வையுங்க. இப்பத்தான் விளக்கு போடறாங்க!"