நான்காம் நாள் விலகியவர்

கோபன்ஹேகனின் குளிர்காலத்தில் மூன்று மணிக்கே வெளிச்சம் மங்குகிறது. கோவிட் மருந்துச் சோதனை முடிவுகளை வாராவாரம் தொகுக்கும் அந்த அறையில் ரிக்கேயும் தோர்கிலும் ஒரே கட்டுரையைத் தனித்தனித் திரைகளில் படிக்கிறார்கள். இருவரும் குறிக்கும் எண்கள் ஒத்துப்போனால்தான் அட்டவணையில் ஏறும். ரிக்கேயின் விரல் ஒரு வரியில் நிற்கிறது. நான்காம் நாள் தாமாகவே விலகியவர் ஒருவர், வயது 58. அது அவள் கணவன் விக்கோ. அவன் இந்தச் சோதனையில் இருந்தது இங்கே யாருக்கும் தெரியாது. மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயைக் கழற்றிவிட்டு, கையெழுத்துப் போட்டு மருத்துவமனையிலிருந்து வந்தவன், ஒன்பதாம் நாள் வீட்டில் இறந்தான். கட்டுரையில் அது இல்லை. “செத்தவங்க பதினொண்ணு. என்ன ரிக்கே, தூங்கிட்டியா?” என்கிறான் தோர்கில், ரை ரொட்டியை மென்றபடி. “விலகினவர் செத்திருந்தா?” என்கிறாள். “அது நமக்கு எப்படித் தெரியும்? கட்டுரையில இருக்கிறதைத்தான் எழுதணும். நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தே.” வெளியே சைக்கிள் விளக்குகள் ஈரச் சாலையில் வரிசையாக நகர்கின்றன. சுவரோரம் வெப்பக் குழாய் முனகுகிறது. விலகியவர் கட்டத்தில் அவள் ஒன்று என்று அடிக்கிறாள். இறந்தவர் கட்டத்தில் பதினொன்று. “எனக்கும் அதேதான்” என்கிறாள். இரண்டு கட்டங்களும் பச்சையாகின்றன. தோர்கில் அடுத்த கட்டுரையைத் திறக்கிறான்.