கூழாங்கல் மெத்தை

போன வருஷ மழையில் மலை சரிந்து, ஓடையில் டிரவுட் மீன்கள் இட்டிருந்த முட்டைகளையெல்லாம் மண்ணும் கல்லும் மரமுமாக வந்து மூடிவிட்டது. ஓடைக் காவலர் தேவசகாயத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கோடை முழுக்கக் கம்பிவலைக்குள் கல் அடுக்கி, ஓடைக்குக் குறுக்கே இடுப்புயரத்துக்குச் சுவர் எழுப்பினார். இனிச் சரிந்து வருவது சுவருக்கு மேல்பக்கமே தங்கிவிடட்டும் என்று நினைத்தார். சுவருக்குக் கீழே, பொறுக்கிக் கழுவிய கூழாங்கற்களைக் கையாலேயே மெத்தை போலப் பரப்பினார்.

"எம் பேறுகாலத்துக்கு ஒரு பாயாவது விரிச்சீயளா?" என்று சிரித்தாள் மனைவி எஸ்தர்.

கார்த்திகையில் சினைமீன்கள் வந்தன. மெத்தையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முன்னால் வந்தது சுவரில் எகிறி மோதி விழுந்தது. மறுபடியும் எகிறியது.

"ஏட்டி, இங்கனயே இரேன்" என்று தேவசகாயம் அதனிடம் கெஞ்சினார்.

எஸ்தர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். ஈர முந்தானையில் மீனைப் பிள்ளை மாதிரி ஏந்திச் சுவருக்கு அந்தப் பக்கம் விட்டாள். அங்கே போன வருஷச் சரிவு கொண்டுவந்து போட்ட சரளைக்கல் கிடந்தது. மீன் அதன்மேல் ஒருக்களித்துச் சாய்ந்து, வாலால் கல்லை விலக்கிக் குழி பறிக்கத் தொடங்கியது.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த தேவசகாயம், கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்துச் சுவரின் முதல் கம்பியை அறுத்தார்.

எஸ்தர் நிமிர்ந்து பார்த்தாள். மலையுச்சியில் மேகம் கறுத்திருந்தது.

"மறுபடியும் சரிஞ்சா?"

அடுத்த கம்பியைத் தேடிக்கொண்டே அவர் சொன்னார்: "அது சரிஞ்சதாலதானட்டி இவளுக்கு வீடே கெடச்சிருக்கு."