நூற்றிருபத்தேழு பாகை

ஸ்ரீதரன் சார் என் கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றும்போது நான் குறிப்பேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

அதில் எட்டு நாள் பதிவு இருந்தது. மாலை ஐந்து பத்து: 127. ஐந்து நாற்பது: 127. ஆறு இருபது: 127.

கணினிக்குள் இருக்கும் சிப்செட் என்ற சில்லின் சூடு அது; ஒரு மென்பொருள் அதைத் திரையில் காட்டும். எழுபது பாகை வரை பயமில்லை, தொண்ணூறைத் தாண்டினால் உடனே அணைத்துவிட வேண்டும் என்று சார் எழுதவைத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன். முதலில் என் கண்ணைச் சந்தேகித்தேன். பிறகு என் கணக்கை. கடைசியில் என் கையை.

சரஸ்வதி பூசையன்று எங்கள் தோட்டத்துக் கணினி வகுப்பில் எல்லாக் கணினிக்கும் வெளியே பொட்டு வைத்தோம். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷினின் மூடியைத் திறந்து உள்ளேதான் வைப்பார்கள். வெளியே வைத்தால் பெயின்டுக்குத்தான் பூசை என்பார் அப்பா.

சார் தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தில் இரண்டு திருகாணிகளைக் கழற்றி, சிப்செட்டின் மேலிருந்த அலுமினியக் கட்டியில் ஈரச் சந்தனத்தை வைத்துவிட்டேன்.

மறுநாள்தான் சூடு பார்க்கும் பாடம்.

ஒன்று எரிந்தாலும் நான்கையும் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று சொல்லித்தான் தோட்டத்து மேலாளரான பெரிய துரை எங்கள் நால்வருக்கும் அந்தக் கணினிகளைக் கொடுத்திருந்தார். குருவிட்டை டவுனுக்குப் போய்ப் படிக்க எங்களில் யாருக்கும் வசதியில்லை. சனிக்கிழமை செய்முறைப் பரீட்சை.

அதனால்தான் இன்று சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

சார் விரலால் அந்தக் கட்டியைத் தொட்டார். காய்ந்து வெடித்த சந்தனத்தின் மேலேயே விரல் நின்றது. எடுக்கவில்லை.

"நூத்தி இருவத்தேழுன்னா என் வெரலு இந்நேரம் வடையாயிருக்கும் புள்ள. இந்த போர்டுல அந்தச் சூட்டப் பாக்குற சென்சரே இல்ல. இல்லாத எடத்துக்கு அந்த சாப்ட்வேரு சும்மா போடுற நம்பரு இது."

நானும் தொட்டேன். குடித்து முடித்த தேநீர்க் கோப்பையின் சூடுதான் இருந்தது.

எட்டு நாளும் ஒரு பாகைகூட ஏறவோ இறங்கவோ இல்லை. அதை எழுதிய எனக்கே அது உறைக்கவில்லையே என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தையும் மீறிச் சிரிப்பு வந்தது.

பின்னாலிருந்து என்னோடு படிக்கும் விஜயகலாவின் குரல் கேட்டது. எட்டு நாளாகத் தலைவலி என்று சொல்லி சீக்கிரமே கணினியை அணைத்தவள்.

"அப்ப என்னுதும் எரியலையா சார்?"

பஸ் போய்விடும் என்று தினமும் முதல் ஆளாக அணைத்த தனுஜன் தலையைக் குனிந்துகொண்டான். லோஜினி மெல்லத் தன் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். 127.

என் திரையை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற பயத்தில் நான் மற்றவர்களின் திரையை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

சார் மற்ற மூன்றையும் திறந்தார். மூன்றிலும் அதே இடத்தில் பொட்டு. லோஜினி குங்குமமும் வைத்திருந்தாள்.

நான்கு பேரும் தொழிற்சாலைத் தொழிலாளர் பிள்ளைகள்.

சாரின் அப்பாவும் அதே தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தார். சார் சிரித்துக்கொண்டே திருகாணிகளை முடுக்கினார்.

தன் மேசையிலிருந்த கணினியை மட்டும் அவர் திறக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.