ஆரஞ்சு கேக்

மகள் ஜோவிதா இறந்தபின் செல்வின் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தான். அவளைப் பற்றிய நினைவை மட்டும் டாக்டர்கள் அவன் மூளையிலிருந்து அழித்தார்கள். அவன் மனைவி மெர்லினும் தன் நினைவை அழித்துக்கொள்ளச் சம்மதித்திருந்தாள். ஆனால் கடைசி நிமிடத்தில் மனம் மாறி எழுந்து வந்துவிட்டாள். அவனிடம் மகளைப் பற்றிப் பேசவே கூடாது என்றார்கள்.

இன்று ஜோவிதாவுக்கு ஆறு வயது நிறைந்திருக்கும். மெர்லின் அவளுக்குப் பிடித்த ஆரஞ்சு கேக் செய்தாள்.

வாசனை பிடித்துக்கொண்டு செல்வின் சமையலறைக்கு வந்தான்.

"யாருக்குப் பிறந்தநாள்?"

"யாருக்கும் இல்ல. சும்மா தோணிச்சு, செஞ்சேன்."

அவன் இரண்டு துண்டு தின்றான்.

"நமக்கு ஒரு பொம்பளப் பிள்ள இருந்தா இத விடவே விடாது, மெர்லின்."

"ஓரத்தத்தான் மொதல்ல பிச்சித் தின்னுவா," என்றாள் அவள்.

"நேர்ல பாத்த மாதிரி சொல்லுறியே!" என்று செல்வின் சிரித்தான்.