நாற்பத்திரண்டாவது கிளாஸ்

"மாஸ்டர், கிளட்சை இப்ப மிதிக்கணுமா, விடணுமா?"

கேட்டது நேற்று சேர்ந்த ஆள் அல்ல. இது மேடத்தின் நாற்பத்திரண்டாவது கிளாஸ். 'இருபதே நாளில் லைசென்ஸ்' என்று வாசலில் போர்டு மாட்டியிருக்கும் டிரைவிங் ஸ்கூலில், ஒரு மாஸ்டருக்கு இதைவிடத் தலைகுனிவு வேறு கிடையாது. "உங்க மேடம் பென்ஷன் வாங்கறதுக்குள்ள லைசென்ஸ் வாங்கிடுவாங்களா?" என்று மற்ற மாஸ்டர்கள் தினமும் அவரை வாரினார்கள்.

"மிதிங்க மேடம். மிதிச்சுட்டுத்தான் கியர்."

கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோனது. பின்னால் நாலைந்து ஹார்ன்கள் அலறின. மேடம் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"எங்க விட்டேன்? ஆங், என் நாத்தனார். போன் பண்ணி 'எப்படி இருக்கீங்க அண்ணி'ன்னு கேப்பா. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவளுக்கு முட்டிவலி ஆரம்பிச்சுடும். எங்க வீட்டுல நாலு பேர் இருக்கோம், மாஸ்டர். நாலு பேருக்கும் வாய் இருக்கு, காதுதான் ஒருத்தருக்கும் கிடையாது."

"வேலை பாக்கற இடத்துல யாராவது பேச்சுத் துணைக்கு..."

"அது இன்னும் மோசம். எனக்குப் பின்னாடி அறுபது பேர் உட்கார்ந்திருக்காங்க. ஒருத்தர்கூட என்கிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டாங்க."

பெரிய அதிகாரி போலிருக்கிறது, பாவம் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். மேடத்தின் அம்மா இறந்து ஏழு மாதம் ஆகிறது. பதினேழாவது கிளாஸில், ரவுண்டானாவைச் சுற்றும்போது அதைச் சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். "அழுது முடிங்க மேடம், அப்புறமா லெஃப்ட் எடுத்துக்கலாம்" என்று மாஸ்டர் ஐந்து சுற்று சுற்றவிட்டார். அன்று அவருக்கும் மனசு கனத்துப்போனது.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. மனசு விட்டுப் பேசறதுக்குன்னே கவுன்சிலிங் இருக்கே. போய்ப் பாக்கலாமே."

"தூக்கம் வரலைன்னு டாக்டர்கிட்ட போனப்ப அவரும் இதைத்தான் சொன்னாரு. விசாரிக்காம இருப்பேனா? தனியார் இடத்துல ஒரு மணி நேரத்துக்கு ஃபீஸ் எவ்வளவுன்னு கேட்டதும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு. இருக்கற கவலை போதும்னு திரும்பி வந்துட்டேன். பெரிய ஆஸ்பத்திரியில இலவசம். நல்லாவும் பாக்கறாங்களாம். ஆனா ஒரே கூட்டம். பேரை எழுதிக்கிட்டு, அஞ்சு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்காங்க."

"போன்லயே இலவசமா பேசறாங்களாமே?"

"பேசினேனே. அந்தப் பொண்ணு அவ்வளவு பொறுமையா கேட்டுச்சு. ஆனா எங்க வீட்டுல இருக்கறது ரெண்டே ரூம். பாத்ரூம்ல போய் குசுகுசுன்னு பேசினா, வீட்டுக்காரர் வெளியிலேர்ந்து கதவைத் தட்டி 'என்னைப் பத்தி என்ன சொல்றே?'ங்கறாரு. அதுக்கு மட்டும் எல்லாருக்கும் காது முளைச்சுடுச்சு."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டார். இதுவரை ஆறு முறை டெஸ்டுக்குத் தேதி வாங்கியாயிற்று. ஆறு முறையும் மேடம் வரவில்லை. முதலில் அவருக்குக் காய்ச்சல், அடுத்து மாமியாருக்கு, அதற்கடுத்து பக்கத்து வீட்டுக்காரருக்கு. இன்று டெஸ்ட், ஏழாவது முறையாக வாங்கிய தேதி. அதனால்தான் மாஸ்டரே வீட்டு வாசலில் போய் நின்று, கையோடு அழைத்து வந்துவிட்டார்.

"மேடம், உண்மையைச் சொல்லிடறேன். இன்னைக்கு நீங்க பாஸ் பண்ணலைன்னா எனக்கு வேலை போயிடும். 'அந்த அம்மாவுக்கு லைசென்ஸ் வாங்கிக் குடு, இல்லைன்னா புதுசா பத்து பேரைச் சேர்த்துக் காட்டு. ரெண்டும் முடியாட்டி நாளைக்கு வராதே'ன்னு முதலாளி கறாரா சொல்லிட்டாரு."

மேடம் முதல் முறையாகப் பேச்சை நிறுத்தினார். முகம் வாடிவிட்டது. "என்னாலயா?" என்று மட்டும் கேட்டார்.

மாஸ்டர் பதில் சொல்வதற்குள் கார் மறுபடி நின்றது. இந்தத் தடவை கிளட்ச் காரணமில்லை. தெருமுனையில் ஒரு பஸ் குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. முன்னால் போனால் சுவர், பின்னால் வந்தால் மின்கம்பம். வேலைக்குப் புதியவர் போலிருக்கிறது, அதன் டிரைவர் வியர்த்து வழிந்தபடி ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஒடித்துக்கொண்டிருந்தார்.

டெஸ்ட் மைதானத்தின் கேட்டை மூட இன்னும் பத்தே நிமிடம். மாஸ்டர் நெற்றியில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மேடம் சீட் பெல்ட்டைக் கழற்றினார். "இருங்க மாஸ்டர், வரேன்" என்று இறங்கிப்போய்ப் பஸ்ஸில் ஏறினார். டிரைவர் சட்டென்று எழுந்து இடம் விட்டார். ஒரே ரிவர்ஸ், ஒரே திருப்பு. அவ்வளவு பெரிய பஸ், சுவரையும் தொடாமல் கம்பத்தையும் தொடாமல் ஓரமாகப் போய் நல்ல பிள்ளையாக நின்றது.

"லீவு நாள்லயும் நீங்கதான் வந்து காப்பாத்த வேண்டியிருக்கு அக்கா" என்று கண்டக்டர் கும்பிட்டார்.

திரும்பி வந்த மேடத்தை மாஸ்டர் ஏற இறங்கப் பார்த்தார். "மேடம்... நீங்க..."

"பஸ் டிரைவர். பன்னிரண்டு வருஷமா." மேடம் கிளட்சை மிதித்து, கியர் போட்டு, பதமாக விட்டார். கார் துளியும் குலுங்காமல் கிளம்பியது. "மன்னிச்சுக்குங்க மாஸ்டர். லைசென்ஸ் என்கிட்ட எப்பவோ இருக்கு. டெஸ்டுக்கு வந்தா அது தெரிஞ்சு கிளாஸ் முடிஞ்சுடுமே. அப்புறம் நான் யார்கிட்ட பேசறது? உங்க வேலைக்கு நான் பொறுப்பு. எங்க டிப்போவுல சொல்றேன், நாளைக்கே முப்பது பேர் வந்து சேருவாங்க."

"முப்பது பஸ் டிரைவருங்க என்கிட்ட எதுக்கு மேடம் வரப்போறாங்க?"

"ஏன் வரமாட்டாங்க? எங்க எல்லார் தலைக்கு மேலயும் 'ஓட்டுநரிடம் பேசாதீர்கள்'னுதானே எழுதிப் போட்டிருக்கு."