காலுக்குத் தலையணை

சண்முகவடிவுக்கு எரிச்சல் தாளவில்லை. முறிந்த காலுக்குக் கம்பி வைத்து, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்ததிலிருந்து, மகள் லோஜினி அவளைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. காலுக்கடியில் தலையணை வேறு.

"டாக்டரு நடக்கச் சொன்னாங்கடி."

"கொழுந்துக் கூடையோட மலை ஏறினது போதும்மா. இனி அந்தக் கால்ல ஒரு பாரமும் விழக்கூடாது."

அடுத்த கிளினிக்கில் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் அஸ்மியா முகம் சுளித்தார். "எலும்பு ஒட்டவே இல்லையே. கால ஊன்றி, பாரம் விழுந்தாத்தான் முறிஞ்ச இடத்துல இருக்கிற ஸ்டெம் செல் எலும்பா மாறும். மகள் நடக்கவே விடலன்னு சொல்றீங்களே, இது அவங்களுக்குத் தெரியாதா?"

லோஜினி தலைகுனிந்தாள்.

"தெரியாம என்ன டாக்டர்," என்றாள் சண்முகவடிவு. "கம்பஸ் லேப்ல அந்த செல்லைத் தட்டுல போட்டு, பாரம் குடுத்துக் குடுத்து எலும்பு வளர்க்கிறதுதான் இவ ஆராய்ச்சி. பெத்தவ காலுக்குத்தான் தலகாணி."