ஐம்பத்து நாலு டிகிரி

"அந்த டேப்பை மட்டும் காஞ்சனா மேடத்துக்கிட்ட கொடுக்காதீங்க சார்."

ரஞ்சன் இதைக் காஞ்சனாவை எதிரில் வைத்துக்கொண்டே சொன்னான்.

ஹைதராபாத்தில் அரசாங்கத்தின் பழைய செயற்கைக்கோள் படங்களைப் பத்திரப்படுத்தும் அலுவலகம் அது. அதிகாரி வெங்கடராமனின் மேஜைமேல் தகர டப்பா ஒன்று இருந்தது. உள்ளே ஒரு டேப் சுருள். மூடியில் 'கொங்கல செருவு வட்டாரம், 1989' என்று எழுதியிருந்தது. செருவு என்றால் தெலுங்கில் ஏரி.

"ஏன், அவங்களுக்கு என்ன? ஒட்டிப்போன டேப்பைப் படிக்க அவங்களை விட்டா இங்கே யார் இருக்கா?"

"நானும் கத்துக்கிட்டேன் சார். விஷயம் அது இல்லை. அந்தச் செருவு இருந்த இடத்துலதான் மேடம் வீடு கட்டியிருக்காங்க."

மல்காஜ்கிரியைத் தாண்டி இருக்கிறது அந்த இடம். இப்போது அங்கே ஒரு காலனியும், அதையொட்டி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பும் நிற்கின்றன. இங்கே ஏரியே இருந்ததில்லை என்கிறார்கள் குடியிருப்பவர்கள். இருந்தது, வீடுகளை இடிக்க வேண்டும் என்கிறது அரசாங்கம். பழைய படம் இருந்தால் திங்கட்கிழமைக்குள் கொடுங்கள் என்று நீதிமன்றம் கேட்டிருந்தது. படத்தின் இன்னொரு பிரதி மழைத் தண்ணீரில் ஊறி எப்போதோ வீணாகிவிட்டது. மிச்சம் இந்த டேப்தான்.

காஞ்சனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரஞ்சன் சொல்றது சரிதான் சார். அவரே பண்ணட்டும்."

"மனுஷங்களை எடை போட எனக்குத் தெரியும்மா," என்றார் வெங்கடராமன். டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார். "ரஞ்சன், நீ போய் உன் வேலையைப் பாரு. எனக்கு இவங்க மேல முழு நம்பிக்கை இருக்கு."

இத்தனை வருட வேலையில் அப்படி ஒரு வார்த்தையை யாரும் அவளிடம் சொன்னதில்லை. காஞ்சனாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"காய்கு? ஏன் உனக்கு இந்த வம்பு?"

அன்று மாலை வீட்டில் கத்தினார் கணவர் ஆனந்தகுமார். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். கோபம் வந்தால் தமிழோடு உருதும் சேர்ந்து வரும்.

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். சார் கேக்கலை."

"சரி, அந்த டேப்பை என்ன பண்ணுவே?"

"பழசாயிட்டா மேல்பூச்சு பிசின் மாதிரி ஒட்டிக்கும். அப்படியே ஓட்டினா உரிஞ்சு வந்துடும். சின்ன மின்சார அடுப்புல வெச்சு, ஐம்பத்து நாலு டிகிரியில நாள் முழுக்க உலர்த்தணும். ஆறினதும் ஓட்டி, காப்பி எடுத்துடணும்."

"சூடு கூடிட்டா?"

அவள் சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"கேக்கறேன் இல்ல?"

"சுருண்டு போயிடும். ஒண்ணும் வராது."

"அவ்வளவுதானே? ஒரு திருகு திருகு. முப்பத்தஞ்சு வருஷத்து டேப், தாங்கலைன்னு சொல்லு. யார் கேக்கப் போறா?"

"சார் நம்பிக் கொடுத்திருக்காருங்க."

"நாளைக்கு வீட்டை இடிச்சுட்டா, அவர் நம்பிக்கைக்குள்ள போய்க் குடியிருக்க முடியுமா காஞ்சனா?"



மறுநாள் காலை டேப்பை அடுப்பில் வைத்தாள். ரஞ்சன் வாசலில் நின்று எட்டிப் பார்த்தான்.

"இட்லி வெந்துடுச்சா மேடம்? பாத்து, தீய விட்டுடாதீங்க."

மதியம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, அவள் அடுப்பின் திருகைப் பிடித்தபடி நின்றாள். பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. சமையலறை ஜன்னலைக்கூட இரண்டு தடவை இடம் மாற்றி வைத்தார்கள். மாடித் தொட்டியில் ஆனந்தகுமார் வளர்க்கும் கறிவேப்பிலை இப்போதுதான் தழைத்திருக்கிறது.

லேசாகத் திருப்பினால் போதும்.

'எனக்கு இவங்க மேல முழு நம்பிக்கை இருக்கு.'

கையை எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை டேப் ஓடியது. திரையில் படம் மேலிருந்து வரி வரியாக இறங்கியது. வயல், பாறை, மண் பாதை. பிறகு கறுப்பு. இந்த வகைப் படத்தில் தண்ணீர் கறுப்பாகத் தெரியும். கறுப்பு இறங்கிக்கொண்டே வந்தது. அவள் வீடு இருக்கும் இடத்தை மூடி, அதையும் தாண்டிப் போனது.

ரஞ்சன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"காபி கொண்டு வரட்டுமா மேடம்?" என்றான் மெதுவாக.

அவள் படத்தை எடுத்துக்கொண்டு வெங்கடராமனின் அறைக்குப் போனாள்.

"என்னம்மா, டேப் போயிடுச்சா?" என்றார் அவர், தலையைத் தூக்காமலே.

"இல்லை சார். ஒரு வரிகூடக் கெடலை. விதிப்படி மூணு இடத்துல பதிஞ்சு வெச்சாச்சு. இனி நாமே நினைச்சாலும் அழிக்க முடியாது."

அவர் சட்டென்று நிமிர்ந்தார். படத்தை வாங்கி மேஜைமேல் விரித்தார். அவர் விரல் கறுப்பின்மேல் ஊர்ந்தது. அவள் வீட்டைத் தாண்டிப் போய் ஓர் இடத்தில் நின்றது.

"இங்கே இப்ப அடுக்குமாடி இருக்கே. இதுவும் தண்ணியா?"

"ஆமாம் சார். நடு ஏரி."

"போன மாசம்தான் என் பொண்ணு அங்கே குடி போனா."



வெங்கடராமன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு, வெளியே கேட்காத குரலில் சொன்னார்:

"உங்க வீடும் அங்கே இருக்கு, எப்படியும் டேப்பைக் கெடுத்துடுவீங்கன்னு நம்பித்தானேம்மா உங்ககிட்ட கொடுத்தேன்!"